ஒன்றேகால் பஸ்

எங்கள் கடைத்தெருவில் பகல் ஒரு மணிக்கு முப்பத்திரண்டு ஷட்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கும். அதற்கப்புறம் நான்கு மணிவரை தெருவில் ஈ, காக்கை கிடையாது. சாப்பிட்டுவிட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, எல்லோரும் தூங்குவோம். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்கள் காலை ஏழு மணிக்குக் கடை திறந்து இரவு ஒன்பது வரை கால் கடுக்க நின்று பார்த்துவிட்டுப் பேசட்டும். எனக்குத் துணிக்கடை. கீழே கடை, மேலே வீடு. என்னைப் பற்றி யாரும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், என் மத்தியானத் தூக்கத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வெளியே புறவழிச்சாலை போட்டார்கள். எல்லா பஸ்களும் அந்தப் பக்கம் போய்விட்டன. எங்களுக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு மினி பஸ். சுற்றுவட்டார கிராமங்களையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஒன்றேகாலுக்குக் கடைத்தெருவுக்கு வரும். மூன்றேமுக்காலுக்குத் திரும்பிப் போகும். அதாவது, நாங்கள் ஷட்டரை இறக்கிக் கால்மணி நேரம் கழித்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நாங்கள் எழுந்து முகம் கழுவுவதற்குள் அவர்களை அள்ளிக்கொண்டு போய்விடும்.

இது புரிய எங்களுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நாங்கள் அந்த இரண்டு வருஷமும், ஜனங்களே வருவதில்லை, காலம் கெட்டுப்போச்சு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம். புறவழிச்சாலையைத் திட்டினோம், செல்போனைத் திட்டினோம். திட்டிக் களைத்துப்போய்த் தூங்கினோம். ஷட்டரை இறக்கிய நான்கு கடைகள் அப்புறம் திறக்கவே இல்லை.

பிறகு பஸ் கம்பெனியிலிருந்து நகராட்சிக்கு ஒரு கடிதம் வந்தது. பஸ்ஸில் தினமும் ஒன்பது பேர்தான் கடைத்தெருவுக்கு வருகிறார்கள். மூன்று மாதத்துக்குள் சராசரி இருபத்தைந்து பேராக ஆகாவிட்டால் பஸ் நிறுத்தப்படும். அவ்வளவுதான், நாலே வரி.

அந்த நாலு வரி என் வீட்டில் எப்படி விழுந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மகளும் மருமகனும் பெரிய ஊரில் வேலை பார்க்கிறார்கள், இரண்டு வயதில் ஒரு பேத்தி. மருமகன் யாரோ இல்லை, என் பக்கத்துக் கடைக்காரியின் மகன். பக்கத்துக் கடை ஆணி, தாழ்ப்பாள், பெயின்ட் விற்கிற இரும்புச் சாமான் கடை. அதை நடத்துகிற அம்மாள் என் சம்பந்தி. அவரும் என்னைப் போலவே கணவனை இழந்தவர், என்னைப் போலவே தனி ஆள். எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பிள்ளைகள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள்.

"அம்மா, புது வீட்டுல ஒரு ரூம் அதிகமா இருக்கு. ரெண்டு கட்டில் போட்டாச்சு. ஒண்ணு உனக்கு, ஒண்ணு அத்தைக்கு" என்றாள் மகள் போனில்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் சம்பந்தி எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியாது. கல்யாணத்தின்போது பிள்ளைகளின் வீட்டுக்கு நான் ஆசை ஆசையாக ஜன்னல் திரை தைத்துக் கொடுத்தேன். இந்த அம்மாள் கைப்பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து, சபை நடுவே அளந்து, "ரெண்டு விரல் குட்டை" என்றார். மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து எங்களுக்குள் "வாங்க சம்பந்தி", "சாப்பிட்டாச்சா சம்பந்தி" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை கிடையாது. அவரோடு ஒரே அறையில், பக்கத்துக் கட்டிலில், ஆயுள் முழுக்க! நான் புரண்டு படுப்பதைக்கூட அளந்து சொல்லுவார்.

ஆனாலும் மகளிடம் வாய் தவறி வாக்குக் கொடுத்துவிட்டேன். "பஸ் நின்னுடுச்சுன்னா கடையும் நின்ன மாதிரிதான். அப்ப வந்துடறேன்." அதே வாக்கைச் சம்பந்தியும் தன் மகனிடம் கொடுத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. ஆக, பஸ் நின்றால் என் கடை போகும், என் வீடு போகும், என் பேச்சு எடுபடுகிற ஒரே இடம் போகும். எனக்கு அந்தக் கடையை விட்டுப் போக இஷ்டமில்லை. ஒரு துளிகூட இஷ்டமில்லை.

நூலகத்தின் வாசிப்பு அறையில் கூட்டம் போட்டார்கள். நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். வெயிலோ மழையோ, ஆளைவிடப் பெரிய கறுப்புக் குடையோடுதான் வருவாள். அதனால் அவளுக்குக் குடை மேடம் என்று பெயர். எங்கள் வியாபாரிகள் சங்கத் தலைவர் மருந்துக்கடைக்காரர். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். எனவே அவருக்குப் பெயரே பார்க்கலாம்.

குடை மேடம் எழுந்து நின்று, ஒரு தாளைப் பிரித்தாள். "போன செவ்வாய்க்கிழமை நானும் அந்த பஸ்ல வந்து எறங்கினேன். என்கூட எட்டுப் பேர். ரெண்டரை மணி நேரம் மணிக்கூண்டுப் படியிலயும் கடை வாசல்லயும் உக்காந்திருந்தோம். அவங்கவங்க என்ன வாங்க வந்தாங்கன்னு கேட்டு எழுதியிருக்கேன், படிக்கறேன்" என்று ஆரம்பித்தாள்.

பள்ளிக்கூடப் பைக்கு ஒரு ஜிப். ஒரு கதவுக் கீல். ரத்த அழுத்த மாத்திரை, ஒரு மாதத்துக்கு. மூக்குக்கண்ணாடிக்கு ஒரு புதுக் காது. சட்டைக்கு உள்துணி இரண்டு மீட்டர், நீல நிறம். இப்படியே போயிற்று. எல்லோரும் எதுவும் வாங்காமலே திரும்பிப் போயிருந்தார்கள்.

நீல உள்துணி என்றதும் என் காது சுட்டது. ஒரு பெண் என் கடை வாசலில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். நான் அவள் தலைக்கு நேர் மேலே குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மத்தியானம் கடையத் திறந்து வச்சா என்ன?" என்று கேட்டாள் குடை மேடம். அறையில் யாருடைய முகத்திலும் ஈயாடவில்லை. பிள்ளையை விற்றுவிடுங்கள் என்று கேட்டிருந்தால்கூட அவ்வளவு அதிர்ச்சி அடைந்திருக்க மாட்டோம்.

"பார்க்கலாம்" என்றார் பார்க்கலாம்.

"பாத்தது போதும் சார்" என்றாள் அந்தப் பெண். எனக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று. அவள் தூக்கத்தையும் விடச் சொல்லவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கடைகள் ஜோடி சேர வேண்டும். ஒரு வாரம் ஒருவர் தூங்கினால் மற்றவர் இரண்டு கடையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம். நகராட்சி மணிக்கூண்டுக்கு முன்னால் நிழற்பந்தல் போட்டு, குடிதண்ணீரும் வைக்கும். நூலகம் பகலில் திறந்திருக்கும், கழிப்பறையை எல்லோரும் பயன்படுத்தலாம். கண்டக்டர் ஒவ்வொரு நிறுத்தத்திலும், "கடைத்தெரு மத்தியானம் திறந்திருக்கு" என்று கத்துவார். கண்டக்டரும் கூட்டத்துக்கு வந்திருந்தார். அங்கேயே ஒருமுறை கத்திக் காட்டினார்.

ஜோடிகளைப் படித்தார்கள். துணிக்கடைக்கு ஜோடி இரும்புக்கடை. நானும் சம்பந்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"சந்தோஷம் சம்பந்தி" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம் சம்பந்தி" என்றார் அவர். இரண்டு பேருமே அப்பட்டமாகப் பொய் சொன்னோம்.

முதல் வாரம் என் தூக்க வாரம். அவர் இரண்டு கடையையும் பார்த்துக்கொண்டார். மூன்றரைக்கு நான் கீழே இறங்கி வந்தால், கடை என் கடையாகவே இல்லை. நிறம் பார்த்து, கண்ணுக்கு இதமாக நான் அடுக்கி வைத்திருந்த துணிக் கட்டுகளையெல்லாம் அகலவாரியாக அடுக்கியிருந்தார். ஒவ்வொரு கட்டின் மேலும் மிச்ச நீளத்தைச் சாக்கட்டியால் எழுதியிருந்தார், மில்லிமீட்டர் வரைக்கும். ஒரு பெண் கோபத்தோடு எனக்காகக் காத்திருந்தாள்.

"ரெண்டு மீட்டர் கேட்டேன். ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு, சரியா ரெண்டு மீட்டர் வெட்டிக் குடுக்கறாங்க. ஒரு நூல் கூட இல்ல. நீங்க எப்பவும் நாலு விரல் சேத்துத்தானே வெட்டுவீங்க?"

"ரெண்டு மீட்டர்னா ரெண்டு மீட்டர்தானே?" என்றார் சம்பந்தி, உண்மையாகவே புரியாமல். திரைத்துணி வாங்க வந்தவரிடம், "எத்தனை கிலோ தாங்கணும்?" என்று கேட்டாராம். அவர் பயந்துபோய்க் கடையைவிட்டு ஓடிவிட்டாராம்.

"சம்பந்தி, துணியில நாலு விரல் விட்டு வெட்டறது மரியாதை" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அளவுல என்ன சம்பந்தி மரியாதை?" என்றார்.

அடுத்த வாரம் என் முறை. இரும்புக்கடையில் எல்லாம் டப்பா டப்பாவாக இருக்கும், வருகிறவர்கள் நின்றுகொண்டே வாங்கிப் போவார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நீலத் துணியை மேஜைமேல் விரித்தேன். ஒரு கீல் கேட்டு வந்தவரை உட்கார வைத்து, "உங்க கதவு என்ன நிறம்?" என்று கேட்டேன். மனுஷன் விழித்தார். அவருக்கு முப்பது வயதிருக்கும், அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலும். பித்தளை, எஃகு, கறுப்பு என்று ஒன்பது விதக் கீல்களைத் துணிமேல் பரப்பி, "கையில எடுத்துப் பாருங்க, வெளிச்சத்துல பாருங்க" என்றேன். ஒரு கீல் வாங்க வந்தவர் எட்டுக் கீலும், இரண்டு தாழ்ப்பாளும், ஒரு ஜோடிக் கைப்பிடியும் வாங்கிப் போனார். திருகாணி ஒரு டஜனுக்குப் பதின்மூன்று போட்டுக் கொடுத்தேன், கொசுறாக.

சம்பந்தி வந்து பார்த்துவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "டஜன்னா பன்னெண்டு" என்றார், ஏறக்குறைய அழுகிற குரலில்.

"பன்னெண்டுல ஒண்ணு தொலைஞ்சா அவர் இன்னொரு தடவை பஸ் ஏறி வரணுமா?" என்றேன். மறுநாள் பார்க்கிறேன், நீலத் துணி மேஜைமேல் அப்படியே இருந்தது. ஓரத்தை மட்டும் நேராக இழுத்துவிட்டிருந்தார்.

தெரு முழுக்க இதே கூத்துதான். செருப்புக்கடைக்காரர் கண்ணாடிக்கடையில் உட்கார்ந்து, "ஒரு வாரம் போட்டா தானா லூஸாயிடும்" என்று சொல்லிச் சொல்லியே மூக்குக்கண்ணாடி விற்றார். விளக்குக்கடை அம்மாள் மளிகையைப் பார்த்துக்கொண்ட வாரத்தில், பொட்டலம் ஒவ்வொன்றையும் பல்பைக் கட்டுகிற மாதிரி நாலு சுற்றுக் காகிதத்தில் கட்டிக் கொடுத்தார். ஜனங்கள் சாமான் வாங்க மட்டுமல்ல, இன்றைக்கு யார் எந்தக் கடையில் என்ன கோளாறு பண்ணுகிறார்கள் என்று பார்க்கவும் வந்தார்கள். பஸ்ஸில் ஒன்பது பதினைந்தாயிற்று, பதினைந்து இருபதாயிற்று. பஸ்ஸுக்குக் காத்திராமல் சைக்கிளிலும் மோட்டார்சைக்கிளிலும்கூட வர ஆரம்பித்தார்கள். மூடிக் கிடந்த நான்கில் ஒரு கடையை யாரோ வாடகைக்குக் கேட்டார்கள்.

சம்பந்தி தன் கடைச் சுவரில் தினமும் எண்ணிக்கையை எழுதி வைத்தார். கடைசி நாளுக்கு முந்தின மாலை நான் அங்கே போய் நின்றேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"ஆரம்பத்துல ரொம்பக் கம்மி. அது இழுக்குது" என்றார். "சராசரி இருபத்தஞ்சு ஆகணும்னா நாளைக்கு முப்பத்தோரு பேர் வந்தாகணும்."

"இப்பல்லாம் எத்தனை பேர் வர்றாங்க?"

"இருபத்தேழு, இருபத்தெட்டு. அதுக்கு மேல போனதில்ல."

அந்த நேரம் பார்த்துப் பார்க்கலாம் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஆளுங்களே நாலு பேர் பக்கத்து நிறுத்தத்துக்குப் போய் டிக்கெட் எடுத்து ஏறி வந்தா என்ன?"

"அது அளவுல ஏமாத்து" என்றார் சம்பந்தி. அத்தோடு பேச்சு முடிந்தது. பார்க்கலாம் வந்த வழியே திரும்பிப் போனார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்த அம்மாளுக்குப் போக இஷ்டம்தான் போலிருக்கிறது, அதுதான் இப்படி நியாயம் பேசுகிறார் என்று நினைத்தேன். மாடிக்கு வந்தால் போன் அடித்தது. மகள். "அம்மா, நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் வர்றோம். சாமான் ஏத்த ஒரு வண்டி பேசியிருக்கோம். முடிவு தெரிஞ்சதும் கட்ட ஆரம்பிச்சுடலாம், சரியா?" சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுநாள் என் முறை, நான்தான் இரண்டு கடையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் பன்னிரண்டு மணிக்கே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாலு விரல் சேர்த்து வெட்டுவது என் பழக்கம். ஒரு ஆள் சேர்த்து எண்ணினால் என்ன குடிமுழுகிவிடும்? "தலைவலி. இன்றைக்கு மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சீட்டு எழுதி, சம்பந்தியின் வீட்டுக் கதவுக்குக் கீழே தள்ளினேன். கடையைப் பூட்டி, சாவியை வழக்கம்போல மின்சார மீட்டர் பெட்டியின் மேல் வைத்தேன். அவருடைய சாவியும் அங்கேதான் இருந்தது, சாப்பிடப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பின்சந்து வழியாக, காதும் காதும் வைத்த மாதிரி, இரண்டு கிலோமீட்டர் நடந்து பாலத்து நிறுத்தத்துக்குப் போனேன். கடைத்தெருவுக்கு முந்தின நிறுத்தம் அது.

நிழற்குடைத் தூணுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்து நின்றுகொண்டிருந்தார். தூண் ஒல்லி, ஆள் பருமன். சம்பந்தி.

"சும்மா காத்து வாங்க வந்தேன்" என்றார்.

"நானும்தான்" என்றேன்.

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "எனக்கு அந்த ரூம் வேண்டாம் சம்பந்தி. உங்களால இல்ல. அங்க எனக்கு என்ன வேலை? காலைல எழுந்து யாருக்கு என்ன எடுத்துக் குடுப்பேன்? நேத்து நியாயம் பேசிட்டு ராத்திரி பூரா தூங்கல."

இத்தனை நாள் இந்த மனுஷியைத் தப்பாக நினைத்திருந்தேன். "எனக்கும் வேண்டாம்" என்றேன். "உங்களாலயும் கொஞ்சம்தான்."

அவர் சிரித்தே விட்டார். சிரித்து முடித்ததும் சட்டென்று முகம் மாறியது. "அப்ப கடையில யாரு?"

"நீங்க இருப்பீங்கன்னு சீட்டு எழுதி உங்க வீட்டுல போட்டேனே!"

"நான் பன்னெண்டுக்கே கிளம்பிட்டேனே! உங்க முறைதானே, நீங்க இருப்பீங்கன்னுதான் வந்தேன்!"

அதற்குள் எங்களுக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கையில் கிழிந்த பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண், ஒரு குடும்பம், இன்னும் சிலர். பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, "ரெண்டே பேர்தான்! இன்னிக்கு இன்ஸ்பெக்டர் நிக்கறார், முப்பத்தெட்டுக்கு மேல ஒரு ஆள் ஏத்த முடியாது!" என்று கத்தினார். வரிசையில் முதல் இரண்டு பேர் நாங்கள்தான். யோசிக்காமல் ஏறிவிட்டோம். கண்டக்டர் நிறுத்தத்தில் நின்றவர்களை விரல்விட்டு எண்ணி, ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். பஸ் கிளம்பிய பிறகுதான் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கிழிந்த பையோடு அந்தப் பெண் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பினால், பஸ்ஸுக்குள் எனக்கு நேராகப் பார்க்கலாம் உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் கம்பளித் துண்டு, மாறுவேஷமாம். அவர் பக்கத்தில் செருப்புக்கடைக்காரர். கண்ணாடிக்கடைக்காரர். விளக்குக்கடை அம்மாள். மளிகை. தையல்காரர் தம்பதி. இன்னும் இரண்டு கடைக்காரர்கள். எங்கள் தெருவில் பாதி அந்த பஸ்ஸில் இருந்தது. ஒவ்வொருவரும் வெவ்வேறு நிறுத்தத்தில் ஏறியிருந்தார்கள். கடையை ஜோடிக்காரர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நம்பியிருந்தார்கள். மூன்று மாதத்தில் ஒருவரை ஒருவர் நம்பப் பழகியிருந்தோம், அதன் பலன் இது.

"உங்க கடையில யாரு?" என்று செருப்பைக் கேட்டார் கண்ணாடி.

"நீதான்" என்றார் செருப்பு.

மணிக்கூண்டில் பஸ் நின்றது. குடை மேடமும் பஸ் கம்பெனி இன்ஸ்பெக்டரும் பந்தலடியில் நின்றார்கள். நாங்கள் வரிசையாக இறங்க இறங்க, அவர் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். எங்கள் முகங்களைப் பார்க்கப் பார்க்கக் குடை மேடத்தின் முகம் விழுந்துகொண்டே போயிற்று. கடைசியில் இன்ஸ்பெக்டர், "முப்பத்தெட்டு" என்றார். பார்க்கலாம் கம்பளித் துண்டை எடுத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு புன்னகை செய்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் சம்பந்தி.

நான் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நிற்கவில்லை.

"இதுல பதினோரு பேரைக் கழிச்சுடுங்க. நாங்க கடைக்காரங்க. எண்ணிக்கை ஏறணும்னு ஏறி வந்தோம்."

பதினோரு பேரில் பத்துப் பேர் அவரை முறைத்தோம். இன்ஸ்பெக்டர் தாளைப் பார்த்தார். "அப்படின்னா இருபத்தேழு. முப்பத்தொண்ணு வேணும்."

நாலு குறைச்சல். என் கண்முன் அந்த அறையும் இரண்டு கட்டிலும் வந்து நின்றன. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அப்போதுதான் கிழிந்த பை ஞாபகம் வந்தது.

"கழிக்கறதானா ஒழுங்காக் கழிங்க!" என்று கத்தினேன். "நாங்க ஏறினதால எடம் இல்லாம பாலத்துல ஆளுங்களை விட்டுட்டு வந்திருக்கோம்! அவங்களை யார் சேக்கறது?"

இன்ஸ்பெக்டர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினார். "ஒம்பது பேர் சார். நிறுத்தத்துப் பேரோட எழுதியிருக்கேன்."

"இடமில்லாம விட்டுட்டு வந்த ஆளும் கணக்குல சேரணும். அதுக்குத்தான் இந்தச் சீட்டே வச்சிருக்கோம்" என்றார் இன்ஸ்பெக்டர் நிதானமாக. இருபத்தேழை அடித்து, முப்பத்தாறு என்று எழுதினார். பிறகு கண்டக்டரிடம், "இன்னும் ஏன் நிக்கறே? போய் அவங்களைக் கூட்டிட்டு வா" என்றார். குடை மேடம் குடையைத் தூக்கி எறிந்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். பஸ் கிளம்பிப் போன தூசியில் பார்க்கலாம் நின்றுகொண்டு, "பார்த்தாச்சு, பார்த்தாச்சு!" என்று கத்தினார்.

"கடை!" என்றார் சம்பந்தி. அவ்வளவுதான், எல்லோரும் தெருவை நோக்கி ஓடினோம்.

தெருவில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. பஸ்ஸில் வந்தவர்களின் கடைகளில் என் கடையும் சம்பந்தியின் கடையும் மட்டும் எப்படியோ திறந்திருந்தன. வாசலில் சைக்கிள்களும் ஆட்களும். பக்கத்தில் சாமான் ஏற்ற வந்த வண்டி காலியாக நின்றது. என் கடைக்குள் என் மகள் கழுத்தில் டேப்பும் கையில் கத்தரியுமாக மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இரும்புக்கடையில் மருமகன் நீலத் துணிமேல் கீல்களைப் பரப்பி, ஒருவரிடம் கதவின் நிறத்தை விசாரித்துக்கொண்டிருந்தார். பேத்தி துணிக் கட்டுகள்மேல் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கடைத்தெருவில் மத்தியானம் தூங்கிய ஒரே ஆள் அவள்தான்.

"எங்கம்மா போயிட்டீங்க ரெண்டு பேரும்?" என்றாள் மகள். "வந்து பாத்தா பூட்டியிருக்கு, வாசல்ல பத்துப் பேர் நிக்கறாங்க. மீட்டர் பெட்டி மேல சாவி இருந்துச்சு. அத்தை சாவியும் அங்கதான் இருந்துச்சு. திறந்துட்டோம். மூச்சு விட நேரமில்ல!"

"பஸ் நிக்கலடி" என்றேன்.

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப அந்த ரூம் நீங்க லீவுக்கு வந்தா தங்கறதுக்கு. ஆளுக்கொரு வாரமா வாங்க, கடை மூடக் கூடாது பாரு" என்றாள். "வண்டி காலியாப் போகுதே, அந்த ரூம் ஜன்னலுக்குத் திரையாவது குடு. ரெண்டு மீட்டர் போதும்."

திரை என்றதும் எனக்குக் கை வரவில்லை. மூன்று வருஷத்துப் புண் அது. நான் தயங்குவதைப் பார்த்துச் சம்பந்தி முன்னால் வந்து, அலமாரியிலிருந்து மஞ்சள் துணிக்கட்டு ஒன்றை எடுத்து மேஜையில் உருட்டினார். கைப்பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்தார். இரண்டு மீட்டரை மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து, சாக்கட்டியால் கோடு போட்டார்.

பிறகு அந்தக் கோட்டுக்கு அப்பால் தன் நாலு விரலைச் சேர்த்து வைத்து, அங்கே வெட்டினார்.